வெந்நீர் டம்ளரும் அணு உலையும்

பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளைகளுக்குக் கூடங்குளம் சொந்த மாவட்டத்து ஊர். "சார், அங்கே கரண்ட் போயிட்டா உலை என்ன ஆகும்?" என்றாள் ஒரு மாணவி. "நின்றுவிடும்" என்றேன். "நின்னா ஆறிடுமா சார்?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் படித்தேன்.

ஆறாது. கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கியதும் பிளவு வினை நிற்கும். ஆனால் பிளவில் உண்டான கதிரியக்கத் தனிமங்கள் தொடர்ந்து சிதைந்து வெப்பம் தரும். கூடங்குளத்தின் ஓர் உலையின் வெப்பத்திறன் 3000 மெகாவாட். நின்றவுடன் அதில் சுமார் 6 சதவீதம், அதாவது 180 மெகாவாட் எஞ்சும். ஒரு நாள் கழித்தும் ஏறத்தாழ அரை சதவீதம் இருக்கும். குளிர்விக்காவிட்டால் எரிபொருள் உருகிவிடும்.

இதை ஓடும் உலையில் சோதித்துப் பார்க்க முடியாது, கணினியில்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ ஆய்வகத்தில் உருவான 'ரிலாப்' போன்ற நிரல்கள் உலையையும் குழாய்களையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் வரவு செலவை, நொடியின் சிறு பகுதிதோறும் கணக்கிடும். அந்த முடிவுகளைச் சோதனைக் கூட அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள்.

இதையே வகுப்பில் செய்தோம். அறை வெப்பநிலை 30 டிகிரி. டம்ளரில் 80 டிகிரி வெந்நீர் (ஊற்றியது நான்தான்). முதல் நிமிடத்தில் 2 டிகிரி குறைந்தது; அதாவது 50 டிகிரி வேறுபாட்டில் 25இல் ஒரு பங்கு. நிமிடந்தோறும் அதே பங்கைக் கழித்தார்கள். பத்தாவது நிமிடத்துக்குக் கணக்கு 63 டிகிரி, வெப்பநிலைமானி 64 டிகிரி. கைதட்டல்!

மறுமுறை மின்விசிறியைப் போட்டேன். 54 டிகிரிக்கு இறங்கியது. "கழித்தலில் தப்பு இல்லை சார், காத்தைச் சேர்க்கவில்லை" என்றான் ஒருவன்.

ஃபுகுஷிமாவிலும் அப்படித்தான். 5.7 மீட்டர் அலையை எதிர்பார்த்திருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று ஏறத்தாழ 14 மீட்டர் வந்தது. டீசல் மின்னாக்கிகள் மூழ்கின, குளிர்விப்பு நின்றது. எத்தனை நுட்பமான கணக்கும் நாம் கொடுக்கும் அனுமானத்தைத் தாண்டாது.

கூடங்குளத்தில் மின்சாரம் இல்லாமலே, இயற்கைச் சுழற்சியால் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் அமைப்பு உண்டு. மாணவியிடம் இதையும் சொன்னேன், ஃபுகுஷிமாவையும் சொன்னேன். பயமுறுத்தவும் வேண்டாம், "ஒன்றும் ஆகாது" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். "இந்தக் கணக்கில் எதைச் சேர்த்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்கப் பழக்குவோம். அதற்கு ஒரு டம்ளர் வெந்நீர் போதும்.