சிறிய சாமான், பெரிய வேலை: தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

பெங்களூரில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம்மவர்கள், "வண்டி ரொம்ப சூடாகிறது" என்று பட்டறைக்குப் போனால் சில இடங்களில் ஒரு யோசனை சொல்வார்கள்: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் சார், இஞ்சின் ஜில்லென்று ஓடும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இஞ்சினின் ஆயுளைக் குறைக்கும் காரியம்.

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் இந்தச் சாமானே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள வரிவரியான தகடுகளில் காற்று பட்டே சூடு தணிகிறது. யமஹா ஆர்15, பல்சர் என்.எஸ்.200, நமது ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்.ஆர்.310 போன்றவற்றில் கூலன்ட் என்ற திரவம் இஞ்சினின் சூட்டை வாங்கி, முன்புறமுள்ள ரேடியேட்டரில் விட்டுத் திரும்புகிறது. அந்த வழியில் இருக்கும் கதவுதான் தெர்மோஸ்டாட்.

மெழுகின் வேலை

இதற்கு மின்சாரம் தேவையில்லை. உள்ளே ஒரு சிறு உலோகக் குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது கதவு மூடியிருக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வண்டிக்கு வண்டி சிறிது மாறினாலும், சுமார் 70 முதல் 85 டிகிரி சென்டிகிரேடில் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். சூடு குறைந்தால் மெழுகு சுருங்க, ஸ்பிரிங் கதவை மூடிவிடும்.

சூடும் வேண்டும்

இஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது தவறு. குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. எரிந்த புகையிலுள்ள நீராவியும் தண்ணீராகி அதில் சேர்கிறது. இதனால் ஆயில் கெட்டு, பிஸ்டன் வளையங்கள் தேய்கின்றன. பெட்ரோல் செலவும் ஏறுகிறது. மார்கழிக் குளிரில் மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு இந்தக் கேடு அதிகம்.

பழுதை அறிவது எப்படி?

கதவு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இஞ்சின் சூடேற வெகு நேரமாகும். மூடியபடியே சிக்கினால் ஆபத்து: ஓட்டத்திலும் சூடு ஏறிக்கொண்டே போகும். எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் கேஸ்கட் போகலாம், பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். அந்தச் செலவு ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடும்.

சில்க் போர்டு சந்திப்பு போன்ற நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது தணிந்தால், ரேடியேட்டர் மின்விசிறியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் அளவையும் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டின் மீது சந்தேகமிருந்தால் சோதிப்பது எளிது. கழற்றியதை ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வைத்தால் கதவு திறக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். இல்லையென்றால் அந்த மாடலுக்குரிய புதியதைப் போடுவதே முறை.

ஓர் எச்சரிக்கை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் திரவம் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும். கூலன்ட் பெரும்பாலும் விஷம்; குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.