மின்னழுத்தம் தொலைந்த இடம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டா நகரம் கோல்ஃப் போட்டியால் உலகறிந்தது என்றாலும், அவ்விளையாட்டின் சிறிய மின்வண்டிகள் உருவாகும் தொழில் நகரமும் அதுவே. 1954இல் அங்கே தொடங்கப்பட்ட ஈ-இசட்-கோ, டெக்சாசின் ஹூஸ்டனில் தோன்றி 1960களில் அகஸ்டாவுக்கு இடம்பெயர்ந்த கிளப் கார் ஆகிய இரு நிறுவனங்களும் அந்த வட்டாரத்தில்தான் வளர்ந்தன. விளையாட்டு மைதானங்கள் இவ்வண்டிகளைச் சில ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துப் பின் விட்டுவிடுவதால், அவை கைமாறிக் கைமாறிக் குடும்பங்களை வந்தடைகின்றன. அதே மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் ஏறத்தாழ 160 கி.மீ. நீளப் பாதைகள் இத்தகைய வண்டிகளுக்கும் நடப்போருக்கும் என்றே அமைந்திருக்கின்றன. முப்பது ஆண்டு கடந்த வண்டிகளையும் வீட்டுக் கொட்டகையிலேயே பழுதுபார்த்து மீண்டும் ஓட்டுவது அங்கே வழக்கமாகியிருப்பதற்கு அவற்றின் எளிய மின்னமைப்பே முதற்காரணம்.

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வெளிவந்த 36 வோல்ட் ‘கிளப் கார் டிஎஸ்’ வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் அடிச்சட்டம் அலுமினியத்தால் ஆனதால் துருப்பிடித்து உதிர்வதில்லை. இருக்கைக்கு அடியில் ஆறு 6 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து புறப்படும் மின்னோட்டம் சோலினாய்டு எனப்படும் மின்காந்த விசை (சுவிட்ச்), வேகத்தைக் கட்டுப்படுத்தும் தொடுவிசை, முன்பின் திசைவிசை, மோட்டார் ஆகியவற்றின் வழியே சென்று பேட்டரிக்கே திரும்புகிறது. முழு வண்டியும் ஒற்றை வளையம்தான் என்பதால், 36 வோல்ட்டும் மோட்டாரைச் சென்றடைய வேண்டும், சேரவில்லையென்றால் அது வழியில் எங்கே தொலைகிறது என்பதைக் கண்டறிவதே சீரமைப்பின் சாரம். அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

தேடல் பேட்டரியில் தொடங்குவது இயல்பு. 1859இல் பிரெஞ்சு இயற்பியலர் காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில முறையே நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் இன்றுவரை தொடர்கிறது. மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளும் கந்தக அமிலத்துடன் வினைபுரிந்து ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்கையில் இவ்வினை தலைகீழாகத் திரும்புகிறது. வெறுமையான பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், நுண்துகளாக இருந்த சல்பேட் பெரிய படிகங்களாக இறுகி, மீண்டும் கரைய மறுக்கும். கொட்டகையில் கிடந்த வண்டிகளின் பேட்டரிகள் பெரும்பாலும் இப்படித்தான் உயிரிழக்கின்றன.

முழு ஏற்றம் பெற்று, சில மணிநேரம் ஓய்ந்திருக்கும் நல்ல 6 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 6.37 வோல்ட் காட்டும். ஆறும் சேர்ந்தால் 38.2 வோல்ட். ஆனால் ஓய்வுநிலை அளவு பலரை ஏமாற்றியிருக்கிறது. சுமையேதும் இல்லாதபோது 6.2 வோல்ட் காட்டும் பேட்டரி, வண்டி மேடேறுகையில் 5 வோல்ட்டுக்கும் கீழே சரியக்கூடும். ஆகவே ஒவ்வொரு பேட்டரியையும் வண்டி ஓடும்போதே அளக்க வேண்டும். ஒவ்வோர் அறையிலுள்ள அமிலத்தின் ஒப்படர்த்தியை, அதாவது நீரைவிட அது எத்தனை மடங்கு அடர்த்தியானது என்பதை, ஹைட்ரோமீட்டரால் பார்ப்பதும் உதவும்: முழு ஏற்றத்தில் அது 1.265 முதல் 1.280 வரை இருக்கும். ஒரே பேட்டரியின் அறைகளுக்குள் 0.05 அளவுக்கு வேறுபாடு தெரிந்தால் தாழ்ந்து நிற்கும் அறை பழுதடைந்து வருகிறது என்று கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு ஆறு புதிய பேட்டரிகளை வாங்கிவிடுகிறார்கள்; வண்டியோ பழையபடியே திணறுகிறது. காரணம் இணைப்புகளில் இருக்கிறது. மின்னேற்றத்தின்போது எழும் அமிலத் திவலைகள் கேபிள்களின் செம்பு முனைகளில் படிந்து, பச்சையும் வெள்ளையுமான பொடியாகப் பூத்து, இணைப்பின் மின்தடையைக் கூட்டுகின்றன. வீட்டு விளக்கு ஒன்றில் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே மின்னோட்டம் பாய்வதால் இத்தகைய தடை அங்கே பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் மேடேறும் வண்டியில் 200 ஆம்பியர் பாய்வது இயல்பு. அந்த மின்னோட்டத்தின் வழியில் 0.01 ஓம் தடை மட்டுமே கொண்ட ஓர் இணைப்பு 2 வோல்ட்டை விழுங்குவதோடு, 400 வாட் வெப்பத்தையும் அந்தச் சிறு உலோகத் துண்டுக்குள் உமிழ்கிறது. ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகும் என்பதை நினைத்தால், சில பழைய வண்டிகளில் பேட்டரி முனையே உருகி வழிந்திருப்பது வியப்பளிக்காது. ஆறு பேட்டரிகளில் பன்னிரண்டு முனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 0.002 ஓம் தடை சேர்ந்தாலே மொத்தம் 4.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், அதாவது 36 வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல்.

இந்த இழப்பை நேரடியாக அளக்க முடியும் என்பது இச்சீரமைப்பின் அழகான பகுதி. மீட்டரின் ஒரு முனையை ஈய முனையின் மீதும் மறுமுனையை அதில் பூட்டப்பட்ட கேபிள் வளையத்தின் மீதும் பொருத்தி, ஒருவர் வண்டியை ஓட்ட, அருகில் அமர்ந்தவர் அளவைப் படித்தால், ஒரே இணைப்பின் இருபுறம் என்பதால் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் திருடன் பிடிபட்டான். சமையல் சோடா கரைத்த நீரால், அது அறைகளுக்குள் புகாதபடி, அமிலப் படிவை நீக்கி, ஈயம் பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, அளவோடு இறுக்கி, அதன்பின் வாசலின் பூசுவது போதுமானது. இதைத் தொடங்கும் முன் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவைப்பதும், பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் கட்டாயம். தவறி விழும் ஸ்பேனர் இரு முனைகளைக் குறுக்கே இணைத்தால் கடும் மின்னோட்டம் பாய்ந்து பொறி பறக்கும், ஏற்றத்தின்போது வெளியேறும் ஹைட்ரஜனோ காற்றில் 4 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் அந்தப் பொறியிலேயே வெடிக்கக்கூடும்.

அடுத்து விசைகள். மிதியை அழுத்தியதும் சோலினாய்டு ‘டக்’ என ஒலித்தும் வண்டி நகராவிட்டால், மிதியை அழுத்திய நிலையிலேயே அதன் இரு பெரிய முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். 36 வோல்ட் தெரிந்தால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் கருகிவிட்டன என்று பொருள். வேகக்கட்டுப்பாடு இவ்வண்டிகளில் மின்தடைச் சுருள்களால் நடைபெறுகிறது. மெதுவாகச் செல்கையில் மோட்டாருக்குத் தேவையற்ற ஆற்றல் அச்சுருள்களில் வெப்பமாக எரிந்து வீணாகிறது. நெடுநேரம் ஊர்ந்தே ஓட்டப்பட்ட வண்டிகளில் சுருள் அறுந்திருப்பதும் தொடுமுனைகள் பொரிந்திருப்பதும் இதனால்தான்.

மோட்டார் எளிதில் கெடுவதில்லை. சுழலும் ஆர்மேச்சருக்கும் நிலையான புலச்சுருளுக்கும் ஒரே மின்னோட்டம் தொடராகப் பாய்வதால், மின்னோட்டம் இருமடங்கானால் திருப்புவிசை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுக்க இதைவிடப் பொருத்தமான மோட்டார் அரிது. அதே பண்பு ஆபத்தாகவும் மாறும்: சுமையின்றி முழு மின்னழுத்தம் தந்தால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சர் சிதறிவிடக்கூடும், ஆகவே கழற்றிய மோட்டாரை இறுகப் பிணைத்து 12 வோல்ட்டில் மட்டும் கணநேரம் சோதிப்பார்கள். பெரும்பாலும் தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றினாலே அது பிழைத்துக்கொள்ளும்.

பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால் பழைய தானியங்கி சார்ஜர் இயங்கவே இயங்காது. அதன் உள்விசையை மூடச் செய்வதே பேட்டரியின் மீதமுள்ள மின்னழுத்தம்தான் என்பதால், சார்ஜர் பழுது என்று முடிவுகட்டும் முன் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே 6 வோல்ட் சார்ஜரால் சற்று ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இன்று பலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுகின்றனர். ஓர் அறைக்கு 3.2 வோல்ட் வீதம் 12 அறைகள் 38.4 வோல்ட் தருகின்றன. ஆறு ஈய பேட்டரிகளின் ஏறத்தாழ 170 கிலோ எடையில் பெரும்பகுதியும் குறைகிறது. ஆனால் சார்ஜரையும் மாற்ற வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, மோட்டார் கிளம்பும்போது கேட்கும் மின்னோட்டத்தைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். கருகிய தொடுமுனைகளையும் தளர்ந்த கேபிள்களையும் அப்படியே விட்டு இந்தச் செலவைச் செய்வதில் பயனில்லை.

பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களில் மட்டும், கம்பிவடத்தால் இயங்கும் டிரம் வகையாக இருப்பதால், வண்டி ஓடத் தொடங்குமுன்னரே அந்த வடத்தின் துருவையும் பட்டைகளின் தேய்மானத்தையும் பார்த்துவிட வேண்டும். ஈய பேட்டரிகளே புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தால், அவை முதல் சில பத்து ஏற்றங்களுக்குப் பின்னரே முழுக் கொள்ளளவை எட்டும் என்பதால், தொடக்க வாரங்களில் குறுகிய தொலைவே ஓட்டி, ஒவ்வொரு நாளும் முழுமையாக மின்னேற்றி, ஏற்றம் முடிந்தபின் டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைப் பார்த்து வருகிறார்கள்.