சேஸிஸைப் பிரிக்கும் முன் ஆயிலைப் பிடியுங்கள்

நார்த்தாமலையில் எங்க பட்டறையை ஒழிச்சப்போ, பழைய லாரி சேஸிஸ் ஒன்றைப் பிரித்தோம். முதலில் ஆர்.சி. புத்தகம். ஓடாத வண்டியென்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யணும்.

ஸ்பிரிங் பட்டைகளை எடைக்குப் போடாதீங்க. நல்ல எஃகு, கொல்லரிடம் கொடுத்தால் அருவாள், களைக்கொத்து ஆகும். அச்சு டயர் வண்டிக்கு உதவும்.

முக்கியம் ஆயில். கேஸ் கட்டர் வைக்கும் முன்பே கியர்பாக்ஸ், பின் அச்சு ஆயிலை டின்னில் வடிச்சிடுங்க. இல்லாட்டி தீப்பிடிக்கும், தரையில் சிந்தினால் மண்புழு அண்டாது. கரையானுக்கென்று கழிவு ஆயிலைத் தூணில் பூசுவதும் வேண்டாம். அதில் கன உலோகம் இருக்கு. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுங்கள்.

பாங்க்காரன் கணக்கு இது: இரும்பு ஒருமுறைதான் காசு தரும், மண் வருஷா வருஷம் தரும்.