டில்லிக் கோடையில் கைகொடுக்கும் கூலர் நம்மூர் மண்டபத்தில் ஏன் எடுபடுவதில்லை?

ராஜஸ்தானிலும் டில்லியிலும் மே மாதம் வந்துவிட்டால், கல்யாணப் பந்தல்களின் ஓரத்திலும் பட்டறை வாசல்களிலும் சக்கரம் பூட்டிய பெரிய பெட்டிகளைப் பார்க்கலாம். சுற்றிலும் ஈரமான திண்டுகள், உள்ளே ஒரு பெரிய விசிறி, அடியில் தண்ணீர்த் தொட்டி, தண்ணீரை மேலே ஏற்ற ஒரு சிறிய பம்ப். அவ்வளவுதான் இயந்திரம். 'டெசர்ட் கூலர்', அதாவது பாலைவனக் கூலர், என்று இதை அங்கு அழைக்கிறார்கள்.

தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும். திண்டு வழியாக நுழையும் காற்றிலிருந்தே அந்த வெப்பத்தைத் தண்ணீர் எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்ந்து வெளியேறுகிறது. குளித்த உடம்பைத் துவட்டாமல் விசிறிக்கு முன்னால் நின்றால் சிலிர்ப்பதும் இதனால்தான். மின்சாரம் வருவதற்கு முன்பு வட இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டிகளை வாசலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்து வந்தார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அந்த வேருக்கு வழங்கும் பெயர் தமிழிலிருந்து போனது என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை.

காற்று எவ்வளவு தூரம் குளிரும் என்பதை அதில் ஏற்கெனவே உள்ள ஈரம்தான் முடிவு செய்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்று வீசினால், அளவு இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். அதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. கூலர் அதற்குக் கீழே இறக்க முடியாது. வெளியே 42 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 15 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 22 டிகிரி. நல்ல திண்டு அந்த இடைவெளியில் 80 விழுக்காடு வரை கடக்கும் என்பதால், 26 டிகிரிக் காற்று கிடைக்கும். கம்ப்ரசரே இல்லாமல் 16 டிகிரி குறைவது சாதாரண விஷயமல்ல.

பெரிய இடங்களில் பலர் தவறுவது கதவு விஷயத்தில்தான். குளிர்சாதனத்துக்குப் பழகியவர்கள் கூலரை ஓடவிட்டு எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் உள்ளே ஈரம் ஏறிவிடும். பிறகு கூலரால் வேலை செய்ய முடியாது. வெளிக்காற்று கூலர் வழியாக நுழைந்து, எதிர்ப்புற ஜன்னல் வழியாக வெளியேற வேண்டும். மண்டபத்துக் காற்று மணிக்குச் சுமார் 30 முறை மாறுவது நல்லது. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள மண்டபம் என்றால் மணிக்கு 45,000 கன மீட்டர் காற்று. அவ்வளவு காற்றை 16 டிகிரி குறைக்க மணிக்கு 300 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். தொட்டியில் உப்பு படியாமலிருக்க அவ்வப்போது வடித்துவிடும் தண்ணீர் வேறு. மின்கட்டணத்தில் மிச்சமாவது தண்ணீரில் செலவாகிறது. வறண்ட ஊரில் அது சின்னக் கணக்கில்லை.

தொட்டியில் ஐஸ் கட்டி போடுவது பலருக்கும் பிடித்த வைத்தியம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது இழுப்பதில் ஏழில் ஒரு பங்குதான். ஐஸ் வாங்கும் காசுக்குக் காய்ந்து கெட்டிப்பட்ட திண்டை மாற்றலாம்.

ஜூலையில் பருவமழை வந்ததும் டில்லியிலேயே இந்தக் கூலர்கள் வெறும் விசிறியாகிவிடும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய அந்த நிலைதான். பிற்பகலில் 33 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், நல்ல கூலரும் சுமார் 4 டிகிரிதான் குறைக்கும். வெளிவரும் காற்றிலோ ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். வியர்வை காயாது, புழுக்கம் கூடும். விளம்பரத்தைப் பார்த்து ஆலய மண்டபத்துக்கோ திருமண விருந்துக்கோ கூலர் வாங்க நினைப்பவர்கள், அதே பணத்தில் பெரிய விசிறிகளும் காற்று வெளியேற்றிகளும் வாங்குவது மேல். நாலு பக்கமும் திறந்த கூடாரத்தில், கூலருக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் இதமாக இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டில்லியில் டிங்கிக் காய்ச்சல் காலத்தில் சுகாதார ஊழியர்கள் முதலில் திறந்து பார்ப்பவற்றில் கூலர் தொட்டியும் ஒன்று. நம் வீடுகளில் பூச்சட்டித் தட்டு எப்படியோ, அங்கே கூலர் தொட்டி அப்படி. ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது; காய்ந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த முறை தண்ணீர் ஊற்றும்போது பொரிக்கும். வாரம் ஒரு முறையும், சாமான் அறையில் எடுத்து வைப்பதற்கு முன்பும், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொட்டியின் உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும்.