முழங்கை முறிந்தால் முதல் எதிரி வலியல்ல, இறுக்கம்

குளியலறையில் வழுக்கினாலும் மோட்டார் சைக்கிளிலிருந்து சரிந்தாலும், விழுபவர் தன்னையறியாமல் கையைத்தான் ஊன்றுவார். அந்த அதிர்ச்சி பல நேரம் முழங்கையில் போய் முடிகிறது.

எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு ஆறு வாரம் அசையாமல் வைக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரியவர்களின் முழங்கைக்கு இது பொருந்தாது. உடலில் மிக விரைவாக இறுகிப்போகும் மூட்டுகளில் அதுவும் ஒன்று. மூன்று வாரத்துக்கு மேல் அசைக்காமல் வைத்திருந்தால், எலும்பு கூடினாலும் கை முழுதாக நீளாமல் போகலாம். அறுவை சிகிச்சை செய்வதன் முக்கியக் காரணமும் இதுதான். எலும்பை உறுதியாகப் பொருத்திவிட்டால் சில நாள்களிலேயே கையை அசைக்கத் தொடங்கலாம்.

எல்லா முறிவுக்கும் கத்தி தேவையில்லை. பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது, கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் எலும்பின் தலைப்பகுதியில் ஏற்படும் முறிவு. எலும்பு விலகாமல் கீறல் மட்டும் விழுந்திருந்தால், சில நாள் கையைத் தொட்டில் கட்டி ஓய்வு கொடுத்துவிட்டு அசைக்கச் சொல்வார்கள். விலகியிருந்தால் திருகாணி போடுவார்கள். நொறுங்கிப் போயிருந்தால் உலோகத் தலை பொருத்துவதும் உண்டு.

முழங்கையின் பின்முனை உடைந்தால் நிலைமை வேறு. மேல்கையின் பின்புறத் தசை அந்தத் துண்டை மேலே இழுத்துவிடும். அதைக் கம்பியாலோ பிளேட்டாலோ இறுக்குவார்கள். அங்கே தோல் மெல்லியது என்பதால் கம்பி உறுத்தி, பின்னர் அதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படுவது சாதாரணம். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முதியவர்களுக்கு இந்த முறிவில் அறுவை சிகிச்சைதான் சிறந்தது என்றும் சொல்ல முடியாது. 75 வயதைக் கடந்தவர்களைக் கொண்டு எடின்பரோவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2017இல் வெளியானது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் சிக்கல்கள் அதிகமானதால் அந்த ஆய்வே பாதியில் நிறுத்தப்பட்டது. ஓராண்டு கழித்துக் கையின் பயன்பாட்டில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மேல்கை எலும்பின் அடிப்பகுதி சிதறுவதுதான் மிகவும் கடினமானது. பெரும்பாலும் இரண்டு பிளேட் வைத்துப் பொருத்துவார்கள். எலும்பு தேய்ந்த முதியவருக்குச் செயற்கை மூட்டே வைக்கலாம்; ஆனால் அதன்பின் வாழ்நாள் முழுவதும் கனமான பொருளைத் தூக்கக் கூடாது.

கை பழையபடி ஆகுமா? நேராக நீட்டிய கையை 0 டிகிரி என்று வைத்தால், அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 டிகிரி வரையிலான அசைவு போதும் என்று அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் 1981இல் கண்டறிந்தனர். சாப்பிடவும் தலைவாரவும் அது போதும். கடைசிச் சில டிகிரி நீளாமல் போவது பலருக்கு நேர்வதுதான். அதனால் வேலை கெடுவதில்லை.

அசைவு மீள்வதற்குப் பல மாதங்கள் ஆகும். பயிற்சியை நோயாளி தானே, மெதுவாக, நாளுக்குப் பலமுறை செய்ய வேண்டும். இறுகிய கையை எண்ணெய் போட்டு வலுக்கட்டாயமாக உருவி நீட்டுவது ஆபத்து. மூட்டைச் சுற்றி வேண்டாத இடத்தில் எலும்பு வளர்வதற்கு அது வழிவிடக்கூடும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போனால், முழங்கையை ஒட்டிச் செல்லும் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்த சந்திப்பு நாள் வரை அதைத் தள்ளிப்போடக் கூடாது.