பரணில் கிடக்கும் பழைய பட்டணம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் இன்று கடை நடத்திவரும் இளைய வணிகர்களிடம், இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு காலத்தில் மாட்டு வண்டிதான் சரக்கு ஏற்றி வந்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்துவிட்டன. ஏரிக்கரைப் பாதைகள் கண்டெய்னர் லாரி ஓடும் சாலைகளாயின. சாலை அகலமாகும்போது முதலில் இடிபடுவது சாலையோரத்துப் பழைய கடைகள்தான்.

இடிக்கும் முன் பரணைக் காலி செய்கிறார்கள். தேக்குக் கட்டைக்கும் பித்தளைத் தராசுக்கும் இரும்புப் படிக்கும் ஆள் வந்து விலை பேசுகிறான். காகிதக் கட்டை யாரும் விலை பேசுவதில்லை. பழைய பேப்பர்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு போகிறார். பேரேடு, சிட்டை, மண்டி பில், லாரி ரசீது, கடைத் திறப்பு விழாப் போட்டோ, சுவர்க் காலண்டர் எல்லாம் அந்தக் கட்டில் ஒன்றாகப் போகின்றன. சென்ற நூற்றாண்டின் நடுவில் சென்னைப் பட்டணம் எப்படி இருந்தது, நமது சிற்றூர்கள் அதோடு எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்தன என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பெரிய கம்பெனிகளுக்கு ஆண்டறிக்கை உண்டு, நூற்றாண்டு மலர் உண்டு. மளிகைக் கடைக்காரரின் வாழ்க்கை எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. அது இருப்பதெல்லாம் இந்தப் பரண் கட்டில்தான்.

அண்மையில் நமது வட்டாரத்துக் கடை ஒன்றிலிருந்து இறங்கிய அப்படிப்பட்ட ஒரு கட்டைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. மேலாக இருந்தது கொத்தவால் சாவடிப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர் போட்ட பில். ஆண்டு எழுதிய மூலையை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. ஆனாலும் அது எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்று அந்தப் பில்லே சொல்லிவிடுகிறது. அச்சிட்ட கட்டங்களில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. ஆனால் அணாப் பத்தியும் பைப் பத்தியும் மையினால் அடிக்கப்பட்டு, மேலே 'ந.பை.' என்று கையால் எழுதப்பட்டிருக்கிறது. 'ந.பை.' என்றால் நயா பைசா. தசம நாணயம் நம் நாட்டில் வந்தது 1957 ஏப்ரல் 1. 'நயா' என்ற அடைமொழி நீங்கியது 1964 ஜூன் 1. ஆக, பில் இந்த ஏழாண்டு இடைவெளிக்குள் வந்துவிட்டது. அச்சடித்த பில் புத்தகத்தை வீணாக்க மனம் வராமல், தீரும் வரை மையால் அடித்து ஓட்டியிருக்கிறார் அந்த வியாபாரி. நம்மவர்தான் என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை!

மிளகாய் வற்றல் வரியில் '5 வீசை' என்று பேனாவால் எழுதி, அதன் கீழ் பென்சிலில் '7 கிலோ' என்று குறித்திருக்கிறார்கள். ஒரு வீசை சுமார் 1 கிலோ 400 கிராம். கணக்கு சரியாக இருக்கிறது. மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1962-க்குள் பழைய எடை அளவுகள் சட்டப்படி விடைபெற்றன. வீசையும் கிலோவும் ஒரே வரியில் உட்கார்ந்திருப்பதால், இந்தப் பில் 1958-க்கும் 1962-க்கும் இடைப்பட்டது என்று துணிந்து சொல்லலாம்.

40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்று கணக்குப் போட்டுப் பழகிய கைகள் கிலோவுக்கு மாற வேண்டியிருந்தது. காசிலும் அதே தொல்லை. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை போட்டார்கள். ஓரணாச் சாமானை நாலு தடவையாக வாங்கினால் 24 நயா பைசா. ஒரே தடவையில் வாங்கினால் 25. இதைக் கண்டுபிடிக்காத தாய்மார்கள் உண்டா? சில்லறைக் கடைக்காரர் பட்ட பாடு எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை. கட்டிலிருந்த சிட்டையின் ஓரங்களில் இருக்கிறது. பழைய நாணயமும் புதிய நாணயமும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கியதால், கல்லாப்பெட்டியை இரண்டு விதமாக எண்ணி இரண்டு வரியாக எழுதியிருக்கிறார் அந்தக் கணக்குப்பிள்ளை.

பழைய காகிதத்துக்கு வயது கண்டுபிடிக்க இன்னும் பல அடையாளங்கள் உண்டு. விலாசத்தில் 'மதராஸ்-1' என்று மட்டும் இருந்து ஆறு இலக்கப் பின்கோடு இல்லையென்றால், பெரும்பாலும் 1972 ஆகஸ்டுக்கு முந்தியது. 'மதராஸ் ஸ்டேட்' என்று அச்சிட்டிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. அந்த மாதம்தான் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. அச்சில் 'லை', 'னை' எழுத்துகள் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு எனலாம். சில அச்சகங்கள் பழைய எழுத்தைப் பிறகும் விடவில்லை என்பதால் இதை மட்டும் நம்பிவிடக்கூடாது. விற்பனை வரியும் நல்ல அடையாளம். சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் 1939-ல் வந்தது, அதன் இடத்தில் வேறு சட்டம் 1959-ல் வந்தது, 2007-ல் வாட், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. பில்லின் தலையில் இருக்கும் வரிப் பதிவு எண்ணைப் பார்த்தே அது எந்தக் காலத்துப் பில் என்று சொல்லிவிடலாம். மொத்த வியாபாரிகளின் லெட்டர்பேடில் 'தந்தி விலாசம்' என்று ஒரு வரி கம்பீரமாக இருக்கும். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றே போனது.

பில்லுக்கு அடுத்தபடி போட்டோக்கள். பட்டணத்துக்குக் கொள்முதலுக்குப் போனவர்கள் அங்கே ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படம், தெருப் படம், கோயில் திருவிழாப் படம் என்று எல்லாக் குடும்பங்களிலும் இருக்கின்றன. சைனா பஜார் தெருவில் டிராம் ஓடினால் அது 1953-க்கு முந்திய படம். சென்னையில் டிராம் அந்த ஆண்டு ஏப்ரலோடு நின்றுவிட்டது. மவுண்ட் ரோடில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் தெரிந்தால் 1959-க்குப் பிந்தியது. மூர் மார்க்கெட் முழுதாக நின்றால் 1985 மே மாதத் தீ விபத்துக்கு முந்தியது. கொத்தவால் சாவடியில் காய்கறி மூட்டைகளும் தலைச்சுமைக்காரர்களும் நெரிந்தால் 1996-க்கு முந்தியது. அவ்வாண்டில்தான் காய், கனி, பூ வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. இப்படி ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது, படத்தில் நிற்கும் தாத்தாவுக்கு அப்போது என்ன வயது, கடை எப்போது தொடங்கியது என்ற குடும்பத் தகராறுகள்கூடத் தீர்ந்துவிடுகின்றன.

அரிசிப் பர்மிட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை நகரில் 1943-ல் ரேஷன் வந்தது. அந்நாளில் நெல்லை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். 1952 ஜூனில் ராஜாஜி அரசு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது. பெட்டியில் பர்மிட் கட்டு ஒரு மாதத்தோடு முடிந்து, அதற்கு மறுமாதம் நெல் கொள்முதல் சிட்டையின் பக்கங்கள் திடீரென்று தடிமனாகியிருந்தால், ஓர் அரசாங்க உத்தரவு ஒரு கிராமத்துக் கடையில் என்ன செய்தது என்பதைக் கண்ணால் காணலாம்.

காலண்டர்களை வெறும் சாமி படம் என்று தள்ளிவிடுகிறோம். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் மூலம் வீடுவீடாகப் போயின. படத்தை இன்று பெரியவர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். நமக்கு முக்கியம் படத்தின் கீழுள்ள பட்டை. கடையின் பெயர், தெரு, என்ன வியாபாரம், யார் உரிமையாளர் என்பது அதில்தான் அச்சாகியிருக்கும். பெரும்பாலான சிறு கடைகளின் பெயர் வாழ்நாளில் அச்சேறிய ஒரே இடம் அதுதான். பச்சை மரம் போட்ட மஞ்சள் டால்டா டின்னில் துளசி வளர்ந்தது. அதைப் பாதுகாக்கச் சொல்லவில்லை. ஆனால் கடை வாசலில் மாட்டிய டீத்தூள் விளம்பர எனாமல் தகடு கிடைத்தால் இரும்புக்குப் போடாதீர்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று எண்ணுபவர்களுக்கு ஒரு வியாபார விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி, ஓர் ஆவணம் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையதாகவும், அது இருக்க வேண்டியவரிடமிருந்து வந்ததாகவும் இருந்தால், அதிலுள்ள கையெழுத்து உரியவருடையதே என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. 'கொள்ளலாம்' என்ற சொல்லைக் கவனிக்கவும், கட்டாயம் இல்லை. மேலும் இது மூல ஆவணத்துக்கே உரியது. ஜெராக்ஸ் எடுத்துவிட்டோமே என்று மூலத்தைத் தூக்கிப் போட்டால் அனுமானமும் அதோடு போகும். நமது வட்டாரத்தில் கட்டடம் ஒருவருடையது, தொழில் இன்னொருவருடையது என்ற கடைகள் ஏராளம். சாலைக்கு நிலம் எடுக்கும் காலத்தில், இத்தனை ஆண்டுகளாக இங்கேதான் தொழில் செய்கிறோம் என்று காட்ட வாடகை ரசீது, பஞ்சாயத்து லைசென்ஸ், கடை விலாசம் எழுதிய மண்டி பில் ஆகியவை கைகொடுக்கும். வாய்ச்சொல்லுக்கு அங்கே எடை கிடையாது.

பாதுகாப்பது பெரிய மனிதர்களின் வேலை என்றும் எண்ண வேண்டாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்தவர். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் வரை தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது. இப்போது தரமணியில் இயங்குகிறது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் அங்கே வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில், தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் படங்களைக் கணினியில் பதிவு செய்தனர். வெளியூரார் தேடி வரும் பொருளை நாம் கிலோ கணக்கில் போடுவானேன்?

செலவில்லாத சில காரியங்களைச் செய்யலாம். கட்டிலுள்ள துருப்பிடித்த குண்டூசியையும் இரும்புக் கிளிப்பையும் முதலில் எடுத்துவிடவும். கிழிந்ததை செல்லோடேப்பால் ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் பசை பழுப்பேறிக் காகிதத்தையும் சேர்த்துக் கெடுக்கும். லாமினேஷன் அதைவிட மோசம். சூடேற்றி ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. பரணை விட்டு இறக்கி, ஈரம் படாத பீரோவில் வசம்பு போட்டு வைத்தால் போதும். போட்டோக்களைச் செல்போனில் வெயில் படாத வெளிச்சத்தில் முன்னும் பின்னுமாகப் படம் எடுத்துவைக்கவும். ஸ்டூடியோ முத்திரை பின்பக்கம்தான் இருக்கும்.

இன்றைய காகிதத்தையும் மறக்கக்கூடாது. தொழிற்சாலைகளுக்கு வடநாட்டுத் தொழிலாளர்கள் வந்த பிறகு நமது கடைகளில் கடுகெண்ணெயும் ஆட்டாவும் எவ்வளவு ஏறின என்பது உங்கள் கொள்முதல் பில்லில் இருக்கிறது. ஆனால் மிஷினிலிருந்து வரும் அந்த வழுவழுப்பான பில் வெப்பத்தால் அச்சாவது. சில ஆண்டுகளில், கல்லாப்பெட்டி சூட்டில் அதற்கும் முன்னதாகவே, எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். மையால் எழுதிய வீசைப் பில் அறுபது ஆண்டு தாண்டி நிற்கிறது. போன தீபாவளி பில் இப்போதே மங்குகிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டையாவது சாதாரணத் தாளில் நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்து வைப்பது நல்லது.

எல்லாவற்றிலும் அவசரமானது போட்டோக்களில் நிற்பவர்களின் பெயர். காகிதம் இன்னும் சில ஆண்டு தாங்கும். பெயர் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இந்தப் பொங்கலுக்கு வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதவும். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.