எருதின் கொம்பில் ஆடும் குஞ்சம்

ஆப்பிரிக்கக் கண்டத்தில் வெள்ளை நைல் நதி பாயும் நாடுகளுள் ஒன்று தென் சூடான். 2011ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் விடுதலை பெற்ற இந்நாட்டின் பெரிய இனத்தவர் டிங்கா மக்கள். மாடுகளே இவர்களது செல்வம். மழை ஓய்ந்து நிலம் காய்ந்ததும், ஆற்றோரப் புல்வெளிகளில் மாட்டுப் பட்டி அமைத்துத் தங்குவர். அங்கே உயரமான இளைஞன் ஒருவன் உரத்த குரலில் பாடிக்கொண்டே தன் எருதை நடத்திச் செல்வான். அதன் கழுத்தில் மணி ஒலிக்கும். கொம்பு நுனிகளில் மாட்டுவால் மயிரால் செய்த குஞ்சங்கள் ஆடும்.

இதைக் காணும் அயலார், "இவர்கள் மாட்டை வணங்குகிறார்களோ?" என்று நினைப்பதுண்டு. அது தவறு. அந்த அலங்காரத்தின் பொருளே வேறு.

டிங்கா சிறுவன் வாலிபப் பருவம் எய்தும்போது அதற்குரிய சடங்கு நடைபெறும். அதன்பின் அவன் பால் கறக்கக் கூடாது. அது பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரிய வேலை. அப்போது தந்தையோ உறவினரோ அவனுக்கு ஓர் எருதைக் கொடுப்பார்கள். அதன் நிறத்தையொட்டி அவனுக்கும் ஒரு பெயர் வழங்கும். எருதைப் புகழ்ந்து அவனே பாட்டுக் கட்டுவான். தன் குலப் பெருமையும் மனக்குறையும் அப்பாட்டில் இடம்பெறும். எருதை அழகுபடுத்துவது, "நானும் ஒரு மனிதனாகிவிட்டேன்" என்று ஊரறியச் சொல்வதாகும்.

கொம்பு இளசாக இருக்கும்போதே அதைச் சாய்வாகச் சீவிவிடுவர். அது விரும்பிய வளைவில் வளரும். சாணத்தை எரித்த சாம்பலை உடலில் தேய்ப்பர். அது பூச்சிக் கடியையும் தடுக்கும். நடனமாடும்போது இளைஞர்கள் கைகளைக் கொம்புபோல் உயர்த்தி ஆடுவர்.

மாட்டின் நிறங்களுக்கு அவர்கள் மொழியில் எண்ணற்ற பெயர்கள் உண்டு. 'மபியோர்' வெள்ளைக் காளை. 'மகுவாச்' சிறுத்தையைப்போல் புள்ளியுள்ளது. 2005இல் மறைந்த தலைவர் ஜான் கராங் டி மபியோரின் பெயரிலும் அந்த வெள்ளைக் காளை இருக்கிறது!

டிங்கா மக்கள் விண்ணிலுள்ள கடவுளை 'நியாலிச்' என்று அழைப்பர். நோயோ துன்பமோ வந்தால் அவரை நோக்கி மன்றாடி, மனிதனுக்குப் பதிலாக ஓர் எருதைப் பலியிடுவர். இறைச்சியை உறவுமுறைப்படி பங்கிடுவர். யார் யாருக்கு என்ன உறவு என்பதை அப்பங்கீடே காட்டிவிடும். இம்மக்களிடையே தங்கி ஆராய்ந்த காட்ஃப்ரி லியன்ஹார்ட் என்ற அறிஞர் 1961இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரிவாக விளக்கியுள்ளார்.

திருமணத்தையும் மாடுகளே முடித்து வைக்கின்றன. மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்கு மாடுகள் தரவேண்டும். அவற்றைக் கொண்டே பெண்ணின் சகோதரனும் பின்னர் மணமுடிப்பான். இவ்வாறு மாடுகள் குடும்பங்களைப் பிணைக்கின்றன. ஆனால் இதில் ஒரு வேதனையும் உண்டு. மாடுகளை எதிர்பார்த்துச் சிறுமியரை இளவயதிலேயே மணமுடித்துக் கொடுப்பதால், பலரது படிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. 1983 முதல் 2005 வரை நடந்த உள்நாட்டுப் போரினால் துப்பாக்கிகளும் பெருகின. மாடு கவரும் சண்டைகளில் உயிர்கள் பலியாகின்றன.

டிங்கா மக்கள் வாழும் ரும்பெக் பகுதியில் லொரேட்டோ அருட்சகோதரிகள் 2008இல் பெண்களுக்கான மேல்நிலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். மாட்டுப் பட்டிகளை அறிந்த குடும்பங்களின் பெண்கள் அங்கே புத்தகம் ஏந்துகின்றனர்.

அன்புத் தோழியரே, பிறருடைய வழக்கம் நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். சிரிப்பதற்கு முன் அதன் பொருளைக் கேட்போம். அந்தக் குஞ்சத்தில் ஒரு தந்தையின் அன்பும், ஒரு மகனின் பெயரும், ஒரு குலத்தின் உறவும் சேர்ந்தே ஆடுகின்றன. அவ்வழகு நிலைக்கட்டும், அதன் நிழலில் எந்தச் சிறுமியின் கல்வியும் வாடாதிருக்க இறைவனை வேண்டுவோம்.